விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்: இறையியலுக்குள் தத்துவத்தைத் தேடத் தொடங்குவோருக்கு

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், ஒரு சிலுவை கண்ணை விட்டு மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், மலங்கரை, லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று குமரி மாவட்டத்தில் சபைக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு காலையில் பிரசங்கம் காதில் விழாத தெருக்கள் குறைவு. அந்தப் பிரசங்கங்களுக்குள் தத்துவவாதிகளான கான்ட்டும் கீர்க்ககோரும் மார்க்சும் இராமானுஜரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்ள எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், மறைக்கல்வி எடுக்கிற அக்கா, பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) முதல் வருடம் சேர்ந்திருக்கிற தம்பி, அல்லது மனதில் ஒரு கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிற யாராக இருந்தாலும் சரி, தத்துவத்தில் முன்படிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும் வாரத்துக்கு இரண்டு மணி நேரமும் போதும்.

வீட்டில் ஒரு எதிர்ப்பு வரும். அதை முதலிலேயே பேசிவிடலாம். "தத்துவம் படிச்சா விசுவாசம் போயிடும்" என்பார்கள். கையோடு கொலோசெயர் 2:8-ஐயும் காட்டுவார்கள்: "லௌகிக ஞானத்தினாலும், மாயமான தந்திரத்தினாலும்" ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்ற வசனம். அங்கே 'லௌகிக ஞானம்' என்று தமிழில் வந்திருப்பது மூலத்தில் 'ஃபிலோசோஃபியா' என்ற சொல்தான். ஆக அந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டு, அதைச் சொல்பவர்களை மட்டம் தட்ட வேண்டாம். அதே பவுல்தான் அத்தேனே பட்டணத்தில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரண்டு தத்துவப் பள்ளிக்காரர்களோடும் நின்று வாதாடினார். அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துக்காட்டிப் பேசினார் (அப்போஸ்தலர் 17). எச்சரிக்கை, உரையாடல் இரண்டுமே வேதத்தில் இருக்கின்றன என்று சொல்லுங்கள். அதற்கு மேல் சண்டை வேண்டாம்.

முதல் படி: இரண்டு ஜெபப் புத்தகங்களை ஒரே மேசையில் வையுங்கள்

நான் சி.எஸ்.ஐ. குடும்பம், என் மனைவி கோட்டாறு மறைமாவட்டத்துக் குடும்பம். எங்கள் ஊர்ப்பக்கம் இது புதிதில்லை. திருமணமான புதிதில் ஒரு ஞாயிறு மாலை, இரண்டு பேருடைய புத்தகங்களும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சபைகள் ஆராதனையில் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணம் இரண்டிலும் உண்டு. சும்மா ஒப்பிட்டுப் பார்த்தோம். என் புத்தகத்தில் இயேசு பிதாவோடே "ஒரே தன்மையுடையவர்" என்று இருந்தது. அவள் புத்தகத்தில் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்று இருந்தது. இருவரும் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். அன்றுதான் இரண்டும் வேறு வேறு சொல் என்பதே உறைத்தது.

நீங்களும் இதையே செய்யுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து மற்றொரு சபையின் புத்தகத்தை ஒரு நாளைக்கு வாங்கி வந்தால் போதும்.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கிரேக்கச் சொல், 'ஹோமோஊசியோஸ்'. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதைப் பிரமாணத்தில் சேர்த்தார்கள். 'ஊசியா' என்பது கிரேக்கத் தத்துவத்தில் புழங்கிய சொல். ஒரு பொருள் எதனால் அந்தப் பொருளாக இருக்கிறதோ, அதைக் குறிப்பது. 'ஹோமோஊசியோஸ்' என்ற சொல் வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. அன்றைக்கே அதைச் சொல்லி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால், மகன் படைக்கப்பட்டவர் என்று கற்பித்த ஆரியுவுக்கு வேத வசனங்களை வைத்தே பதில் சொல்லப் பார்த்தபோது, அவர் தரப்பும் அதே வசனங்களைத் தங்கள் அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிராக நிற்கும்போது, வசனத்தின் அர்த்தத்தைக் கட்டிப்போட ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது. அது தத்துவத்திலிருந்து வந்தது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறவரின் 355-ஆம் குறள்:

எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்பது அறிவு.

பொருளும் தன்மையும் ஒரே குறளுக்குள் இருக்கின்றன. ஒரு பொருள் நமக்கு எப்படித் தோன்றுகிறது என்பது ஒன்று, அது உண்மையில் என்ன என்பது வேறொன்று. மொழிபெயர்த்தவர்களில் ஒரு பக்கம் 'தன்மை'யைப் பிடித்தது, மறு பக்கம் 'பொருளை'ப் பிடித்தது. இந்தக் குறளை வைத்துப் பார்த்தால் 'ஒரே பொருள்' என்பது மூலத்துக்குச் சற்று நெருக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் பேச்சுவழக்கில் 'பொருள்' என்றால் சாமான், சொத்து, அர்த்தம் என்றெல்லாம் ஓடிவிடும். 'தன்மை' என்பதில் அந்தத் தொல்லை இல்லை. யார் மொழிபெயர்ப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல இதைச் செய்யச் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே ஒரு தத்துவத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பது கையில் பிடிபட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

இதே முறையில் யோவான் 1:1-ஐயும் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "ஆதியிலே வார்த்தை இருந்தது". பிற்காலப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது". மூலத்தில் 'லோகோஸ்'. யோவான் அதை எழுதுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிட்டஸ் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஸ்தோயிக்கர்கள் உலகம் முழுவதையும் ஒழுங்குபடுத்தும் அறிவுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். திரித்துவத்தைச் சொல்ல நம் சபைகளில் புழங்கும் 'ஆள்தத்துவம்' என்ற சொல்லிலேயே தத்துவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் 'மூன்று ஆள்' என்று சொன்னால் பிள்ளைகள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் யாரோ ஒருவர் அந்த வாலைச் சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பெயரை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் நான் தவறு செய்தேன். பல வருடம் முன்பு ஒரு சபையின் வாலிபர் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். கரும்பலகையில் கான்ட், ஹெகல், ஷ்லயர்மாகர், பார்த், புல்ட்மன், டில்லிக் என்று ஐரோப்பியத் தத்துவவாதிகள், இறையியலாளர்கள் பெயரை வரிசையாக எழுதி, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டோடு நாற்பது நிமிடம் பேசினேன். முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "இதெல்லாம் தெரிஞ்ச பிறகு நான் எப்படி ஜெபம் பண்ணணும்?" என்று கேட்டார்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. அந்த ஆறு பேரும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்துப் போராடியது ஏறக்குறைய அந்த அம்மாவின் கேள்வியோடுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து பெயரை முதலில் எழுதுவதில்லை.

எனவே நோட்டில் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: கடவுளை நான் எப்படி அறிகிறேன்? அறிவாலா, மனச்சாட்சியாலா, உள்ளத்தில் உண்டாகும் உணர்வாலா, அவரே பேசுவதாலா?

இந்த நான்கில் எதை உங்கள் சபை அதிகம் சொல்கிறது என்று யோசித்து, பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஆட்களுக்குப் போகலாம்.

கான்ட் 1781-இல் எழுதிய நூலில் ஒரு மதில் கட்டினார். காலத்திலும் இடத்திலும் புலன்களுக்கு எட்டுவதைத்தான் நம் அறிவு அறிய முடியும், கடவுள் அந்த எல்லைக்குள் வருகிறவர் இல்லை, ஆகவே அவர் இருக்கிறார் என்று அறிவால் நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்றார். இதைக் கேட்டதும் அவரை நாத்திகர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. பியட்டிசம் எனப்படும் பக்தி இயக்கத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். விசுவாசத்துக்கு இடம் உண்டாக்க அறிவை விலக்கிவைக்க வேண்டியிருந்தது என்று அந்த நூலின் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் (1787) அவரே எழுதினார். ஒழுக்கக் கடமையின் வழியாகக் கடவுளிடம் போகும் பாதையை அவர் திறந்தே வைத்திருந்தார்.

அந்த மதிலுக்குப் பிறகு வந்த இறையியலாளர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வாசலைத் தேடியிருக்கிறார்கள். நவீன இறையியலை இந்த ஒரு கண்ணால் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ரிட்சல் போன்றவர்கள் ஒழுக்கத்தின் வாசல் வழியாகப் போனார்கள். ஹெகல் வரலாறு முழுவதையுமே கடவுளின் ஆவி தன்னை வெளிப்படுத்தும் பயணமாகப் பார்த்தார். ஷ்லயர்மாகர் உணர்வின் வாசலைத் திறந்தார்.

இந்த ஷ்லயர்மாகரிடம் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் நமக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. மயிலாடிக்கு வாருங்கள். அவ்வூர்க் கிறிஸ்தவர் வேதமாணிக்கம் அழைத்து, 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே அங்கே 1809-இல் ஆலயம் கட்டினார். அவர் 1770-இல் சிலேசியாவில் பிறந்தவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஷ்லயர்மாகர் 1768-இல் அதே சிலேசியாவில், பிரெஸ்லௌ நகரில் பிறந்தார். அவரும் ஹாலேயில்தான் படித்தார், பிறகு அங்கேயே பேராசிரியரும் ஆனார். பியட்டிச பக்தியில் ஊறிய மொராவிய சபையாரின் பள்ளியில் வளர்ந்தவர். மனம் உடைந்து மனந்திரும்புதல், உள்ளத்தில் இரட்சகரோடு நேரடி உறவு என்ற அந்தப் பக்திதான் அவருக்குத் தாய்ப்பால். வாலிபத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது. தகப்பனாரோடு கடிதத்தில் பெரிய மனவருத்தமே உண்டானது. ஆனாலும் 1799-இல், மதத்தை ஏளனம் செய்த படித்த வர்க்கத்தை நோக்கி அவர் எழுதியபோது, பழைய பக்தியையே புதிய தத்துவ மொழியில் சொன்னார்: சமயம் என்பது அறிவும் இல்லை, ஒழுக்கமும் இல்லை, எல்லையற்றதை உள்ளத்தால் உணர்வது. பின்னாளில் அதை 'முழுச் சார்புணர்வு' என்று வரையறுத்தார். நான் என்னால் இருக்கவில்லை, என் இருப்பு முழுவதும் வேறொருவரைச் சார்ந்திருக்கிறது என்ற உணர்வு.

இனி உங்கள் சபைக்கு வாருங்கள். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொல்கிறார். "அன்னைக்கு ராத்திரி என் உள்ளத்துல ஒரு சமாதானம் வந்துச்சு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." அவர் ஷ்லயர்மாகரைப் படித்தவர் இல்லை. ஆனால் இருவருமே ஒரே பக்தி ஆற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்த ஆற்றின் ஒரு கால்வாய் மயிலாடிக்கும் வந்தது, இன்னொன்று ஷ்லயர்மாகர் வழியாக பெர்லின் பல்கலைக்கழக வகுப்பறைக்குப் போனது. நம் ஊர்ச் சாட்சிக் கூட்டங்களைப் 'படிக்காதவர்களின் உணர்ச்சி' என்று ஒதுக்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

உணர்வின் வாசலில் ஒரு ஆபத்தும் உண்டு. கடவுளைப் பற்றி நீ பேசுவதெல்லாம் உன்னைப் பற்றியே பேசுவதுதான் என்று 1841-இல் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் சொன்னார். மனிதன் தன் ஆசைகளை வானத்தில் பெரிதாக எழுதி அதைக் கடவுள் என்கிறான் என்பது அவர் வாதம். இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் ஜெபத்தில் நீங்கள் கேட்கும் காரியங்களை ஒரு வாரம் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஃபாயர்பாக்கின் கேள்வியை அந்தப் பட்டியலிடம் கேளுங்கள். எனக்கு அந்த வாரம் மிகவும் பயன்பட்டது.

கார்ல் பார்த் அந்த ஆபத்தை வேறொரு இடத்தில் கண்டார். 1914 அக்டோபரில் ஜெர்மனியின் 93 அறிஞர்கள் தங்கள் நாட்டின் போரை ஆதரித்து அறிக்கை விட்டபோது, அதில் அவருடைய இறையியல் ஆசிரியர்கள் ஹர்னாக்கும் ஹெர்மனும் கையெழுத்திட்டிருந்தார்கள். கடவுளை மனித அனுபவத்துக்குள்ளும் பண்பாட்டுக்குள்ளும் வைத்த இறையியல், ஜெர்மன் பேரரசர் கைசரின் பீரங்கிக்கும் ஆசீர்வாதம் சொல்லிவிட்டதே என்று அதிர்ந்தார். 1922-இல் வந்த அவருடைய ரோமர் விளக்கவுரையின் இரண்டாம் பதிப்பு, கடவுள் கடவுளே, மனிதன் மனிதனே, நடுவில் இருப்பது கடக்க முடியாத இடைவெளி, கடவுள் பேசினால் ஒழிய நமக்கு ஒன்றும் தெரியாது என்று முழங்கியது. தத்துவம் இறையியலை ஆளக்கூடாது என்று உரக்கச் சொன்னவர் அவர். ஆனால் அந்த 'இடைவெளி' எங்கிருந்து கிடைத்தது? டென்மார்க்கின் கீர்க்ககோரிடமிருந்து. அதை பார்த் மறைக்கவுமில்லை.

தத்துவமே வேண்டாம் என்கிற போதகரின் பிரசங்கத்தை அடுத்த முறை கேட்கும்போது, எந்தத் தத்துவத்தின் துணையோடு அவர் அதைச் சொல்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். அது குற்றம் கண்டுபிடிப்பதற்காக வேண்டாம். காது பழகுவதற்காகக் கேளுங்கள்.

புல்ட்மனும் டில்லிக்கும் ரானரும் இன்னொரு வரிசை. மூவருக்கும் பின்னால் இருத்தலியல் (மனிதன் தன் இருப்பையே கேள்வியாக எடுக்கிற) சிந்தனை, அதிலும் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் நிழல் உண்டு. தொடக்கத்தில் அவர்களுக்குள் நுழைய வேண்டாம். ஒரு வருடம் கழித்துப் போங்கள்.

மூன்றாம் படி: ஒரு கேள்வியை அடிவரை தோண்டுங்கள்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பதைவிட ஒரே கேள்வியை ஆழமாகப் படித்தால் நிற்கும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எந்தக் கேள்வி என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரையெங்கும் வீடுகளில் நட்சத்திரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சில வருடம் கழித்து ஒரு கடற்கரை ஊரில், வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கிழிந்த கண்ணிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஊசியைக் கோர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினார். "முந்தின நாள்தான் பூசை கண்டோம். பேத்தி குடிலுக்கு மணல் அள்ளிட்டு வந்தா. மறுநாள் அந்த மணலே…" என்று நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கடவுளுக்கு வலிச்சிருக்குமா சார்?" என்றார். நான் கேட்ட தத்துவக் கேள்விகளிலேயே பெரியது அதுதான்.

இந்தக் கேள்வியோடு மூன்று இடங்களுக்குப் போய் வாருங்கள்.

முதலில் யோபு. இதற்கு நம் மண்ணிலேயே தடம் இருக்கிறது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் நொந்திருந்தபோது, டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டி லனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரு மாலை போய்ப் பாருங்கள், கையில் யோபு 3-ஆம் அதிகாரம் இருக்கட்டும். யோபின் நண்பர்கள் மூவரும் நல்ல தர்க்கத்தோடுதான் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள் மேல்தான்.

அடுத்து லிஸ்பன். 1710-இல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ், சாத்தியமான உலகங்களிலேயே சிறந்ததைத்தான் கடவுள் படைத்திருக்கிறார் என்று ஒரு நூல் எழுதினார். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. தப்பிக் கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்தது. மிச்சத்தை நெருப்பு எடுத்தது. அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஐரோப்பாவில் லைப்னிட்ஸின் வாதத்தைப் பழைய நம்பிக்கையோடு சொல்ல முடியாமல் போயிற்று. அப்போது இளைஞராக இருந்த கான்ட் அடுத்த வருடமே நிலநடுக்கத்துக்கான இயற்கைக் காரணங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். திருநாளும் ஆலயமும் கடலும் ஒன்றாகக் கூடிய நம்முடைய அந்த டிசம்பரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், அந்த 250 ஆண்டு இடைவெளி இல்லாமலே போய்விடும்.

மூன்றாவது இடம் ஜெர்மன் இறையியலாளர் மோல்ட்மன். 1943-இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்கு வயது பதினேழு. பக்கத்தில் நின்ற நண்பன் கண்முன்னால் செத்துப்போனான். கடவுளே, எங்கே இருக்கிறீர் என்று அன்று முதல்முறையாகக் கூப்பிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்க்கைதி முகாமில் வேதாகமம் கிடைத்தது. 39-ஆம் சங்கீதமும், சிலுவையில் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியதும் (மாற்கு 15:34) அவரைப் பிடித்துக்கொண்டன. 1972-இல் அவர் எழுதிய நூலின் மையமே, சிலுவையில் கடவுளே துன்பப்பட்டார் என்பதுதான்.

இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். இங்கேதான் தத்துவம் வருகிறது. கிரேக்கச் சிந்தனையில் முழுமையானது மாறாது, மாறாதது வலியை உணராது. இந்த எண்ணம் பழைய சபை இறையியலுக்குள் ஆழமாகப் போய்விட்டது. கடவுள் துன்பத்துக்கு அப்பாற்பட்டவர், கிறிஸ்து தம் மனிதத் தன்மையில் மட்டுமே துன்பப்பட்டார் என்று கவனமாகப் பிரித்துச் சொன்னார்கள். மோல்ட்மன் அந்தக் கிரேக்க மதிலை உடைத்தார். உடைக்க அவர் எடுத்த கருவிகளில் ஒன்று ஹெகலிடமிருந்து வந்தது. கடவுளின் வரலாற்றுக்குள்ளேயே மரணமும் உண்டு என்ற எண்ணம். ஒரு தத்துவத்தை வைத்து இன்னொரு தத்துவத்தின் பிடியிலிருந்து வேதத்தை விடுவிக்கிற வேலை இது. ஆங்கிலேயத் தத்துவவாதி வைட்ஹெட் 1929-இல் வேறு வழியாக இதே ஊருக்கு வந்து சேர்ந்தார். கடவுளை உடன் துன்பப்பட்டு நம்மைப் புரிந்துகொள்கிற துணையாகப் பார்த்தார்.

பழைய கட்சிக்கும் ஒரு நல்ல வாதம் உண்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள். என்னோடு சேர்ந்து தண்ணீரில் மூழ்குகிறவரால் என்னைக் கரையேற்ற முடியுமா? எனக்கு மோல்ட்மன் பக்கம் மனம் சாய்கிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் முழுதாகப் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதில் எதையும் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே போய் உட்காருங்கள், காப்பித் தம்ளரை எடுத்துக் கொடுங்கள். யோபின் நண்பர்களும் முதல் ஏழு நாள் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள்.

நான்காம் படி: நம் பக்கத்துத் தத்துவத்தையும் கணக்கில் எடுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஐரோப்பா. அதோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாகும்.

பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியை பக்தி மார்க்கத்தின் கண்ணால் படித்தார். "என்னில் நிலைத்திருங்கள்" என்பதை விளக்க அவருக்கு ஹெகலைவிட இராமானுஜர் அதிகம் உதவினார். உயிருக்குள் உயிராக இருந்து நடத்தும் அந்தர்யாமி என்ற கருத்தும், உயிரும் இறைவனும் பிரியாமல் இருந்தும் ஒன்றாகிவிடாத விசிஷ்டாத்வைத உறவும் அவருக்குக் கைகொடுத்தன. வங்காளத்தில் பிரம்மபாந்தவ் உபாத்யாயா (1861–1907) அத்வைதம் சொன்ன சங்கரரின் பக்கம் போனார். இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டிலை எடுத்துக்கொண்டதுபோல இந்தியத் திருச்சபை வேதாந்தத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வாதிட்டு, திரித்துவத்தைச் சச்சிதானந்தம் (சத்து, சித்து, ஆனந்தம்) என்று பாடினார். அந்தப் பெயரிலேயே 1950-இல் குளித்தலைப் பக்கம் காவிரிக்கரையில் ஒரு ஆசிரமம் தொடங்கியது. சாந்திவனம் என்றால் பலருக்குத் தெரியும். முடிந்தால் ஒருமுறை போய் வாருங்கள்.

உயர்சாதித் தத்துவங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், சபையில் பெரும்பாலோர் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதில் இடம் எங்கே என்ற கேள்வி 1980களில் எழுந்தது. பெங்களூரில் 1981-இல் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்குப் பத்தாண்டு முன், 1971-இல், பெருவில் குஸ்தாவோ குத்தியரஸ் விடுதலை இறையியலை நூலாக எழுதியிருந்தார். அங்கே மார்க்சின் சமூகப் பகுப்பாய்வு கருவியாகப் பயன்பட்டது. மார்க்ஸ் பெயரைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். அவர்களிடம் தோள்சீலைப் போராட்டத்திலிருந்து தொடங்குங்கள். நம் பாட்டிமார் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டார்கள், ஆலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. 1859 ஜூலை 26-இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்து அறிவிப்பு விட்டது. அதுவும் நிபந்தனையோடு. மனிதர் கடவுளின் சாயல் என்ற ஆதியாகம வசனத்துக்கு அந்தப் பாட்டிமார் தங்கள் உடம்பால் எழுதிய விளக்கவுரை அது. அதைப் பேசிய பிறகு குத்தியரஸைத் திறந்தால், யாரும் எழுந்து போவதில்லை.

ஐந்தாம் படி: ஆட்களிடம் கேளுங்கள்

கத்தோலிக்கக் குருமாணவர்கள் இறையியலுக்கு முன்பு மெய்யியல் படித்தாக வேண்டும். திருச்சபைச் சட்டப்படி மெய்யியலுக்குக் குறைந்தது 2 ஆண்டு, இறையியலுக்கு 4 ஆண்டு. ஆக உங்கள் பங்குத் தந்தை, நீங்கள் கேட்காததால் மட்டுமே பேசாமல் இருக்கிற ஒரு தத்துவ மாணவர். "ஃபாதர், மெய்யியல் படிக்கும்போது உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணின கேள்வி எது?" என்று கேளுங்கள். வேறு முகவுரை தேவையில்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆயர்களிடம் பி.டி.யில் எந்த இறையியலாளரைப் பற்றிக் கட்டுரை எழுதினீர்கள் என்று கேட்கலாம். நாகர்கோவிலில் லுத்தரன் சபையின் கன்கார்டியா இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர் யாராவது தெரிந்தால் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தை நெடுக இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் இறையியலாளரின் ஒரே ஒரு வாக்கியம். வலப்பக்கம் அந்த வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று உங்கள் சொந்தத் தமிழில். கேள்வியை எழுத முடியவில்லை என்றால் வாக்கியம் இன்னும் விளங்கவில்லை, அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். கலைச்சொல் ஒன்றைப் பார்த்ததும் அதைத் தமிழில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பின்பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். என் நோட்டின் பின்பக்கத்தில் 'ஊசியா'வுக்கு மட்டும் தன்மை, பொருள், சாரம், உட்பொருள் என்று நான்கு இருக்கின்றன.

தனியாகப் படிப்பதைவிட நாலைந்து பேர் கூடினால் நல்லது. ஒரே சபையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வட்டத்தில் கடற்கரைக் கத்தோலிக்கர் ஒருவர், இரட்சணிய சேனை அக்கா ஒருவர், எந்தச் சபைக்கும் போகாத கணக்கு வாத்தியார் ஒருவர் என்று இருப்பதால்தான் பேச்சு தூங்காமல் ஓடுகிறது. முதல் கூட்டத்துக்கு யாரையும் புத்தகம் வாங்கச் சொல்ல வேண்டாம். யோபு 3, சங்கீதம் 39, மாற்கு 15 மூன்றையும் வீட்டில் வாசித்துவிட்டு, அவரவர் சபையின் ஜெபப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொருவராக அவரவர் புத்தகத்திலிருந்து வாசிக்கட்டும். எங்கே சொல் மாறுகிறதோ அங்கே நிறுத்தி, மற்றவர்கள் பென்சிலால் கோடு போட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், கடற்கரைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.